திரை போட்ட வண்டி

(முகப்பேரில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ‘சிற்றூரில் ஒரு பெண்ணின் பிள்ளைப்பருவம்’. இப்படி ஒரு தலைப்பைச் சொன்னதும் ஆலமரம், குளம், தேர்த் திருவிழா, ஜவ்வுமிட்டாய், தாத்தா வீட்டுத் திண்ணை எல்லாம் தானாக வந்து வரிசையில் நின்றுவிடும். அவற்றின் மீது எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தக் குளத்தில் குதித்தது யார்? ஆலம் விழுதைப் பிடித்து ஆடியது யார்? நம் அண்ணன் தம்பிகள். நாம் படித்துறையில் உட்கார்ந்து அவர்கள் கழற்றிப் போட்ட சட்டைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தோம். ஊர் நினைவு என்று நாம் பேசுவதில் பாதி அவர்களிடமிருந்து இரவல் வாங்கியது.

அதனால் நான் வேறு ஒரு பிள்ளைப்பருவத்தைப் பற்றிப் பேசுகிறேன். அது என் ஊர்ப்பக்கத்துக் கதை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பெயரைக் கேட்டதும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஞாபகத்துக்கு வரும், அவ்வை இல்லம் வரும், தேவதாசி ஒழிப்புச் சட்டம் வரும். பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. நான் அதற்கு முந்தின 21 வருஷத்தைச் சொல்லப்போகிறேன். 1886 ஜூலை 30 அன்று பிறந்ததிலிருந்து, 1907இல் மருத்துவக் கல்லூரியில் சேரப் பட்டணத்துக்கு வந்தது வரைக்கும். அந்த 21 வருஷமும் புதுக்கோட்டை.

புதுக்கோட்டை அன்றைக்குத் தனி சமஸ்தானம். தமிழ் பேசுகிற நாட்டில் ராஜா என்று ஒருவர் வெள்ளைக்காரனுக்குக் கீழே மிச்சம் இருந்தது தொண்டைமானின் அந்த ஊரில் மட்டும்தான். தனிக் காசுகூட உண்டு: அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து அந்தக் காசை ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். செப்புக் காசுதான், கையில் வைத்தால் சுண்டைக்காய் அளவுகூட இருக்காது. சேஷையா சாஸ்திரி என்று ஒரு திவான் இருந்தார். 1878இல் வந்து குளங்களைத் தூர்வாரி, தெருக்களை நூல் பிடித்த மாதிரி நேராக்கிக் கொடுத்தார். இன்றைக்கும் புதுக்கோட்டைக்குப் போனால் கீழராஜ வீதி, மேலராஜ வீதி என்று தெருக்கள் நேர்நேராகப் போகும். ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் யார் வருகிறார்கள் என்று தெரியும். அழகுதான். ஆனால் பெண் பிள்ளைக்கு அதுவே வினை. தெரு நேராக இருந்தால் பார்வையும் நேராக வரும்.

முத்துலட்சுமியின் அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் பிறந்தவர். இந்தத் திருமணத்தை ஏற்காமல் ஐயரின் உறவுகள் அவரை ஒதுக்கி வைத்தன. எனக்குத் தோன்றுவது என்னவென்றால், முத்துலட்சுமி படித்ததற்கு இந்த ஒதுக்கலும் ஒரு காரணம். மகளைப் படிக்க வைத்தால் சாதியில் தள்ளி வைப்போம் என்று அவரை யாரும் மிரட்ட முடியாது. ஏற்கெனவே தள்ளியாயிற்று. கெடுவதற்கு நற்பெயர் மிச்சமில்லாத மனிதருக்கு ஒரு தைரியம் வந்துவிடும். நல்ல பெயர் எடுத்த எத்தனையோ அப்பாக்கள் தங்கள் பெண்ணை எட்டாம் வகுப்போடு நிறுத்தியதை இந்த அரங்கில் பலர் அறிவீர்கள். அறிவீர்கள் என்ன, அனுபவித்தீர்கள்.

அதற்காக அவரைப் புரட்சிக்காரர் ஆக்கிவிட வேண்டாம். ஆரம்பத்தில் மகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், வண்ணான் கணக்கும் பால் கணக்கும் எழுதினால் போதும் என்றுதான் அவரும் நினைத்தார். பிள்ளை கெட்டிக்காரி என்று தெரிந்த பிறகுதான் மனசு மாறியது. இதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். ஏனென்றால் மனசு மாறுகிற அப்பாவை நமக்குத் தெரியும். பிறவியிலேயே முற்போக்கான அப்பாவை நான் பார்த்ததில்லை.

சுமார் 13 வயதில் அந்தப் பிள்ளை பெரிய மனுஷி ஆகிறாள். பள்ளிக்கூடம் நின்றுபோகிறது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘பள்ளிக்கூடம் நின்றுபோனது’ என்று வாழ்க்கை வரலாறுகளில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அது எப்படி நிற்கும் என்று நமக்குத் தெரியும். நான் அறந்தாங்கிக்காரி. அறுபதுகளில் அது தஞ்சாவூர் ஜில்லா. 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் உண்டானபோதுதான் அதில் சேர்ந்தது. என் வீட்டில் எப்படி நடந்தது என்று சொல்கிறேன். கொல்லையில் பச்சைத் தென்னங்கீற்றில் ஒரு குச்சில். உள்ளே ஒரு பாய், தனித் தட்டு, தனிச் செம்பு, எதற்கும் இருக்கட்டும் என்று ஓர் உலக்கை. காலையில் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றி, மேலே நல்லெண்ணெய். மத்தியானம் உளுந்தங்களி, நடுவில் குழி பறித்து அதிலும் நல்லெண்ணெய். வருகிற அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு ஆச்சி எல்லாரும் கீற்றை விலக்கி எட்டிப் பார்த்து, “அடியே, நல்லாச் சாப்புடு, இடுப்புக்கு வலு” என்பார்கள். அத்தனை அன்பு. அந்த அன்பில் ஒருவர்கூட, “பரீட்சை எப்போ?” என்று கேட்கவில்லை. என் புத்தகப் பை உள்ளே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துத் தரச் சொன்னால், தீட்டு, புத்தகத்தைத் தொடாதே, சரஸ்வதி என்றார்கள். யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை, படிக்கக் கூடாது என்று உத்தரவு போடவில்லை. பை ஆணியிலேயே இருந்தது, அவ்வளவுதான்.

என் கதை நல்லபடியாகப் போனது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முத்துலட்சுமிக்கு என்ன ஆனதென்றால், படிப்பு வீட்டுக்கு வந்தது. அப்பாவும் ஆசிரியர்களும் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே ஓர் ஆண் பிள்ளையின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ வாசித்திருப்பீர்கள். 1940இலிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதில் அந்தப் பையன் ஊர் ஊராகப் போகிறான். உத்தமதானபுரம், அரியலூர், குன்னம், கடைசியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. ஏழைக் குடும்பம்தான். ஆனாலும் பாடம் சொல்லித் தருகிறவர் எங்கே இருக்கிறாரோ அங்கே குடும்பமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறது. அவர் பிள்ளைப்பருவம் முழுக்கச் சாலை. பெண் பிள்ளைக்கு வாத்தியார் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. வரவழைக்க அப்பா கல்லூரி முதல்வராக இருக்க வேண்டும். நெல் மண்டிக் கணக்குப்பிள்ளை வீட்டுக்கு எந்த வாத்தியார் வருவார்?

1902இல் முத்துலட்சுமி தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினார். அடுத்து என்ன? கல்லூரி. ஊரில் இருப்பது ஒரே கல்லூரி. அது ஆண்கள் கல்லூரி. விண்ணப்பம் போட்டதும் ஊர் கொதித்தது. பெண் என்பது ஒரு காரணம்; அம்மாவின் பிறப்பு இன்னொரு காரணம். பையன்களின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்றார்கள். கவனியுங்கள், பையன்களின் ஒழுக்கம். அந்தப் பெண்ணால் பையன்களுக்கு ஆபத்து! கடைசியில் மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு போட்டார். 1904. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. ஊர் வாய்க்குப் பயப்படாத மனிதர். 1915இல் ஆஸ்திரேலியாவில் மாலி ஃபிங்க் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, அந்தக் கல்யாணத்தை வெள்ளைக்கார அரசாங்கம் ஏற்காமல் போக, கடைசியில் சமஸ்தானத்தையே விட்டுவிட்டு வெளிநாட்டில் வாழ்ந்து பாரிஸில் இறந்தார். ராஜாவாக அவர் எப்படி என்பதில் ஆயிரம் பேச்சு உண்டு. ஒரு பெண்ணைக் கல்லூரியில் சேர்த்த கையெழுத்து ஒன்று போதும் எனக்கு.

ஆனால் அந்தக் கையெழுத்தோடு ஏற்பாடுகளும் சேர்ந்து வந்தன. கல்லூரிக்கு மூடிய வண்டியில் திரை போட்டுப் போக வேண்டும். வகுப்பில் பையன்கள் பார்க்க முடியாதபடி மறைப்பு. பாடம் முடிந்து முத்துலட்சுமி வெளியேறி வண்டியில் ஏறின பிறகுதான் பையன்களுக்கு மணி அடிக்கும்.

திரை போட்ட வண்டி எப்படி இருக்கும் என்று இங்கே உள்ள இளைய தங்கைகளுக்குத் தெரியாது. ஐம்பதுகளில் எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் பெண்கள் போகிற கூண்டு வண்டியில் நான் போயிருக்கிறேன். மூங்கில் வளைத்து மேலே பாய் கட்டியிருப்பார்கள். கீழே வைக்கோல், அதன் மேல் ஜமுக்காளம். முன்பக்கம் வண்டிக்காரன் முதுகு தெரியாமல் ஒரு சேலையோ துப்பட்டியோ தொங்கும். பின்பக்கத் திரை காற்றில் ஆடும்போது ஓர் இடுக்கு வரும். அந்த இடுக்கில் என்ன தெரியும் தெரியுமா? வண்டி தாண்டி வந்த பாதை. எதிரே வருவது எதுவும் தெரியாது. கோயில் கோபுரம் கண்ணில் படும்போது நாம் கோயிலைத் தாண்டியிருப்போம். குழந்தையாக இருந்தபோது எனக்கு அது வேடிக்கை. அந்தப் பெண் 18 வயதில், கையில் இங்கிலீஷ் புத்தகத்தோடு, வருஷக்கணக்கில் ஊரை அப்படிப் பின்பக்கமாகவே பார்த்துக்கொண்டு போயிருப்பாள் என்று நினைத்தால் வேடிக்கையாக இல்லை.

இனிமேல் நான் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். இந்தக் கதையைச் சொல்கிற எல்லாரும் அப்பாவுக்கு நன்றி சொல்கிறார்கள், ராஜாவுக்கு நன்றி சொல்கிறார்கள். அம்மா சந்திரம்மாளைப் பற்றி ஒரே வரி: மகளுக்குக் கல்யாணம் பண்ணிவிட வேண்டும் என்று வற்புறுத்தினார், அவ்வளவுதான். கதையில் அவர் ஒரு தடைக்கல். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் வாசித்தேன். பட்டிமன்றத்தில் பேசுகிறவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். எனக்கு இப்போது அது ஒப்பவில்லை.

சந்திரம்மாள் யார்? கோயிலுக்குப் பொட்டுக் கட்டுகிற மரபிலிருந்து வந்தவர். அந்த மரபில் பிறந்து, கல்யாணம் ஆகாமல் இருக்கிற ஒரு வயசுப் பெண்ணை அந்தத் தெரு எப்படிப் பார்க்கும், என்ன விலை பேசும் என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். கல்லூரி முதல்வருக்குத் தெரியாது. ராஜாவுக்குத் தெரிய அவசியமே இல்லை. கழுத்தில் தாலி ஏறினால்தான் தன் மகளைத் ‘தாசி மகள்’ என்று சொல்வதை நிறுத்துவார்கள் என்று அந்த அம்மா கணக்குப் போட்டிருக்கிறார். கணக்குத் தப்பாக இருக்கலாம். ஆனால் அது ஊரை அறிந்த கணக்கு. அப்பாவின் தைரியத்துக்குக் கொடுக்கிற மரியாதையில் பாதியாவது அம்மாவின் பயத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பயத்தைத் திருப்பிச் சட்டமாக எழுதினவர்தானே அந்த மகள்? பொட்டுக் கட்டுவதை நிறுத்தச் சட்டசபையில் 1920களின் கடைசியில் அவர் தொடங்கிய வேலை 1947இல் சட்டமாக முடிந்தது. தேவதாசிப் பெண்களிலேயே பலர் அன்றைக்கு அதை எதிர்த்து மனுக் கொடுத்தார்கள். அதன் நியாயத்தை இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இந்த அரங்கில் அதற்குள் போனால் எழுந்திருக்க இரவாகிவிடும்.

என் அம்மா கதையும் இதே மாதிரிதான், அளவில் சின்னது. குச்சிலிலிருந்து வெளியே வந்த பிறகு என்னைத் திரும்பப் பள்ளிக்கூடம் அனுப்பியது என் அம்மா. ஆனால் நிபந்தனையோடு. கடைத்தெரு வழியாகப் போகக் கூடாது. அங்கே டீக்கடை, சைக்கிள் கடை, பார்பர் ஷாப், எல்லா வாசலிலும் ஆள் நிற்பான். பெருமாள் கோயில் பின்சந்து வழியாகப் போய்க் குளத்தங்கரை சுற்றிப் போக வேண்டும். புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். தாவணி முந்தானையை இடுப்பில் செருக வேண்டும். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பக் கூடாது. கூட ஒரு பெண் துணை இருக்க வேண்டும். அவளுக்குக் காய்ச்சல் என்றால் எனக்கும் லீவு. எனக்கு அம்மா மேல் அத்தனை ஆத்திரம். பின்னால்தான் புரிந்தது, திரை போட்ட வண்டியின் திரையைத்தான் அவள் என்னைச் சுற்றிக் கட்டி அனுப்பியிருக்கிறாள். வண்டிதான் இல்லை. அந்தத் திரையோடுதான் நான் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் போனேன், ஆசிரியைப் பயிற்சியும் முடித்தேன். எங்கள் தெருவில் என்னோடு குச்சிலில் உட்கார்ந்தவர்களில் திரும்பப் போனது நான் மட்டும்தான்.

சின்ன ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்று பெருமையாகச் சொல்வோம். உண்மைதான். தொலைந்துபோன குழந்தையைக் கொண்டுவந்து வீட்டில் விடுவார்கள். அரிசி இல்லாத வீட்டுக்கு முறத்தில் அரிசி வரும். அதே கண்கள்தான், “ஒங்க பொண்ணு இன்னிக்கு யாரோடயோ பேசிட்டு நின்னுச்சே” என்று அப்பாவிடம் வந்து சொல்வதும். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது. ஊரைப் பற்றி உருகுகிறவர்கள் அந்த இரண்டாவதை வசதியாக மறந்துவிடுகிறார்கள். ஆண்கள் மறந்தால் மன்னிக்கலாம், அவர்களுக்கு அது நடக்கவில்லை.

அது எந்தக் காலத்திலேயோ முடிந்துபோனது என்று நினைக்க வேண்டாம். புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் துவரங்குறிச்சி. 1968இல் அங்கே பிறந்தவர் கவிஞர் சல்மா. பள்ளிக்கூடம் நின்றபோது அவருக்கு வயது 13. அதன் பிறகு வருஷக்கணக்கில் வீட்டுக்குள். வெளி உலகம் ஜன்னல் வழியாக மட்டும். இதை அவரே எத்தனையோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், அவரைப் பற்றி ஆவணப்படமும் வந்திருக்கிறது. கல்யாணத்துக்கு அப்புறம் ரகசியமாக எழுதி, புனைபெயரில் கவிதை வெளியிட்டு, 2001இல் அதே ஊருக்குப் பேரூராட்சித் தலைவரானார். முத்துலட்சுமிக்கும் சல்மாவுக்கும் இடையே 82 வருஷம். ராஜா போனார், வெள்ளைக்காரன் போனான், காமராசர் வந்தார், ஊர் ஊருக்குப் பள்ளிக்கூடம் திறந்தது, மதிய உணவு வந்தது. 13 வயது மட்டும் அப்படியே இருந்தது. எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் முசிறிக்காரர். 1925இல் பிறந்தவர், 15 வயதில் கல்யாணம். ‘கரிப்பு மணிகள்’ எழுத உப்பளத்துக்கும் ‘குறிஞ்சித்தேன்’ எழுத மலைக்கும் போன அந்த அம்மாவுக்குக் கல்லூரி வாசல் தெரியாது.

சரி, தெரு எப்போது மாறியது? புதுக்கோட்டையில் அது மாறிய தேதியைக்கூடக் கிட்டத்தட்டச் சொல்லலாம். 1991, 92.

அறிவொளி இயக்கம் நடந்த சமயம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்தறிவு வகுப்புக்குக் கிராமம் கிராமமாகப் போக வேண்டிய தொண்டர்களில் நிறையப் பேர் பெண்கள். எப்படிப் போவது? பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். கற்றுக்கொள்வதையே இயக்கத்தின் பாடத்தில் ஒரு பாடமாகச் சேர்த்தார்கள். சைக்கிள் வாங்கப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க ஏற்பாடு. கல்குவாரியில் வேலை செய்கிறவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள், இஸ்லாமியப் பெண்கள், எல்லாரும் மைதானத்தில் விழுந்து எழுந்து கற்றார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். சேஷையா சாஸ்திரி நூல் பிடித்துப் போட்ட அதே தெருக்கள்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோனது. கடைகளில் இல்லை. பெண்கள் என்ன செய்தார்கள்? ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். அப்புறம் லேடீஸ் சைக்கிள் வந்தபோதும் சிலர் வேண்டாம் என்றார்கள். ஏன்? ஜென்ட்ஸ் சைக்கிளில் சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே ஒரு பார் இருக்கும். அதில் குழந்தையை உட்கார வைக்கலாம். பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம், முன்னால் குழந்தை. சேலை கட்டிக்கொண்டு அந்தப் பாரைத் தாண்டிக் காலைப் போட வேண்டுமே என்று நாம் யோசிப்போம். அவர்கள் யோசித்தது குழந்தைக்கு இடம் எங்கே என்று. தெருவில் நின்றவர்கள் கிண்டல் அடித்தார்கள், அடிக்காமல் இருப்பார்களா? ஆனால் ஒருத்தி போனால் கிண்டல் அடிக்கலாம், ஆயிரம் பேர் போனால் யாரைக் கிண்டல் அடிப்பது? வாய் வலிக்கும்.

ராஜாவின் கையெழுத்துக்கும் இதற்கும் வித்தியாசம் அங்கேதான். ராஜா ஒரு பெண்ணுக்குக் கதவைத் திறந்தார், தெருவைத் தொடவில்லை. திரை தெருவுக்காகப் போட்டது. முத்துலட்சுமி பட்டணத்துக்கு வந்து 1912இல் டாக்டராகி, அந்தத் திரையைத் தனக்குக் கழற்றிக்கொண்டார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துகொள்ளும்போது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலையில் குறுக்கிடக் கூடாது என்று பேசிக்கொண்டுதான் சம்மதித்தார். தங்கை நல்லமுத்து அக்கா போன தடத்திலேயே போய் ராணிமேரிக் கல்லூரிக்கு முதல்வரானார். குடும்பத்தில் இன்னொரு பிரபலமும் உண்டு; நடிகர் ஜெமினி கணேசனுக்கு முத்துலட்சுமி அத்தை முறை. பின்வரிசையில் இப்போதுதான் நிமிர்ந்து உட்காருகிறீர்கள், பார்த்தேன்! ஒரு குடும்பம் மேலே போய்விட்டது. ஆனால் புதுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் துவரங்குறிச்சியிலும் தெரு அப்படியேதான் இருந்தது.

இந்த முகப்பேரை ஏன் எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. எண்பதுகளில் இங்கே வீட்டுவசதி வாரிய வீட்டுக்கு வந்தோம். அப்போது சந்தான சீனிவாசப் பெருமாள் கோயில் பக்கம் பழைய கிராமம். இந்தப் பக்கம் வாரியம் கோடு போட்டு வைத்த காலி மனைகள், நடுவில் ரோடு, ரோட்டில் நாய்கூட இல்லை. ஊரிலிருந்து வந்த என் நாத்தனார், “என்ன ஊரு இது, பக்கத்து வீட்டுக்காரி பேருகூட ஒனக்குத் தெரியலையே” என்று முகம் சுளித்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே ஆனந்தம். என்னையும் யாருக்கும் தெரியாதே! நான் யார் பெண், எந்தத் தெரு, என்ன சாதி, என் அப்பா எந்த மண்டியில் கணக்கு எழுதினார், எதுவும் தெரியாது. பையனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு, மத்தியானம் எல்லாரும் தூங்குகிற நேரத்தில், சேலையைத் தூக்கிச் செருகி, அந்தக் காலி ரோட்டில் ஓட்டப் பழகினேன். முட்டி பெயர்ந்தது. கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா மட்டும் பார்த்தார். திட்டவில்லை. “பெல்ட்டு மாதிரி முந்தானைய இறுக்கிக் கட்டும்மா, செயின்ல மாட்டிக்கும்” என்றார். அவர் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்தவர் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். மறுநாள் அவரும் வந்தார்.

புறநகரில் ஆத்மா இல்லை, ஒட்டுறவு இல்லை என்று கட்டுரை எழுதுகிறவர்கள் உண்டு. எழுதட்டும். ஒட்டுறவில் மூச்சு முட்டியவர்களுக்கு இந்த ரோடு கொடுத்தது என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. அதே சமயம் இதையும் சொல்ல வேண்டும்: முகப்பேரில் எனக்குக் கிடைத்தது யாரும் என்னைப் பார்க்காத தெரு. புதுக்கோட்டைப் பெண்கள் எடுத்துக்கொண்டது, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த தெரு. அவர்களுடையது பெரிய காரியம். என்னால் அறந்தாங்கிக் கடைத்தெருவில் சைக்கிள் ஓட்டியிருக்க முடியாது. இன்றைக்கும் அங்கே போனால் என் கால் தானாகப் பெருமாள் கோயில் பின்சந்துக்குத்தான் திரும்புகிறது.

2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, பிறகு மற்றப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. 2021இலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இலவசம், இலவசம் என்று டிவியில் சலித்துக்கொள்கிறவர்களைப் பார்க்கிறேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு, வேலைக்கு, ஆஸ்பத்திரிக்கு இடையே உள்ள தூரம் ஆணுக்கு வெறும் தூரம். பெண்ணுக்கு அதில் துணை வேண்டும், அனுமதி வேண்டும், காசு வேண்டும், நல்ல பெயர் கெடாமல் இருக்க வேண்டும். காசையாவது ஒருவன் கழித்துவிட்டால் மிச்சம் மூன்று.

முத்துலட்சுமி அம்மையார் தன் வாழ்க்கையைப் புத்தகமாக வெளியிட்டது 1964இல், 78 வயதில். நான்கு வருஷத்தில் மறைந்துவிட்டார். அந்த வயது வந்தபிறகு பிள்ளைப்பருவத்தைத் திரும்பிப் பார்க்கிறவளுக்கு ஒரு சௌகரியம் உண்டு: தடுத்தவர்களும் இல்லை, அனுப்பியவர்களும் இல்லை, யார் முகத்துக்காகவும் எதையும் மறைக்க வேண்டாம். இந்த அரங்கில் எழுபதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். செய்யாறு, மன்னார்குடி, அரக்கோணம், ஊத்துக்கோட்டை என்று வாசலில் கையெழுத்துப் போடும்போது சொந்த ஊரையும் எழுதியிருக்கிறீர்கள். ஆலமரத்தை விடுங்கள். உங்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியது யார், அனுப்பினவர் யார், எந்தத் தெரு வழியாகப் போகச் சொன்னார்கள், எந்தத் தெரு கூடாது என்றார்கள்? அதைச் சொல்லுங்கள். நான் பேசிவிட்டேன். மைக்கை முதல் வரிசைக்குக் கொடுங்கள். மன்னார்குடி அம்மா அப்போதிருந்து ஏதோ சொல்ல வாயெடுக்கிறார்.